சண்டிகரில் நிழல் தேடி நடந்த கதை

சண்டிகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும், செக்டர் என்று எண்ணிட்டுப் பிரித்த நகரப் பகுதிகளில் முதலாவதான செக்டர் 1-லிருந்துதான் தொடங்குகிறார்கள். சட்டமன்றம், செயலகம், உயர் நீதிமன்றம் ஆகிய மூன்றும் நிற்கும் கேபிடல் வளாகம் அங்கேதான் இருக்கிறது. கட்டடக்கலைப் புத்தகங்களில் இந்நகரத்தின் பெயரோடு அச்சாகும் படங்களும் பெரும்பாலும் அவற்றின் படங்களே. 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அந்த வளாகத்தைத்தான், முழு நகரத்தையும் அன்று. நானும் வழக்கத்தை மீறாமல் அங்கேயே தொடங்கினேன். ஆனால் மார்ச் மாதத்து நண்பகல் வெயிலில் செக்டர் செக்டராக நடந்து முடித்தபோது, திட்டமிட்டவர்களின் உண்மையான கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டுமானால் புகழ்பெற்ற கான்கிரீட்டை விட்டுவிட்டு, யாரும் படம் எடுக்காத செங்கல் குடியிருப்புகளுக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டிருந்தது. வட இந்தியச் சமவெளியில் கட்டப்படும் நகரம் எதற்கும் முதல் சோதனை வெயில்தான். அந்தச் சோதனையில் சண்டிகர் எங்கே தேறியிருக்கிறது, எங்கே தடுமாறியிருக்கிறது என்பதையே இந்தப் பதிவில் எழுத நினைக்கிறேன்.

நகரம் பிறந்த காரணம் பலருக்கும் தெரிந்ததே. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாப் தலைநகரமின்றி நின்றது. சிம்லாவைத் தற்காலிகத் தலைநகராக வைத்துக்கொண்டு, சிவாலிக் மலையடிவாரத்தில் புதிய நகருக்கு இடம் தேர்ந்தார்கள். முதல் வரைபடத்தைத் தயாரித்தவர்கள் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் போலந்தில் வளர்ந்த கட்டடக்கலைஞரான மேத்யூ நோவிட்ஸ்கியும். 1950 ஆகஸ்டில் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்ததும் வேலை தடைப்பட்டது. அதன் பிறகுதான் நிர்வாகி பி. என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி. எல். வர்மாவும் ஐரோப்பாவுக்குப் போய் ஆள் தேடினார்கள். கட்டடக்கலைஞர்களான லெ கார்பூசியே, அவருடைய உறவினர் பியேர் ஜன்னரே, ஆங்கிலேயத் தம்பதியரான மேக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் டிரூ ஆகிய நால்வரும் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். மேயரின் வளைந்த சாலைகளை லெ கார்பூசியே 1951-ன் தொடக்கத்தில் சில நாட்களுக்குள் நேர்கோடுகளாக்கினார் என்றாலும், ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியும் தன் தேவைகளைத் தனக்குள்ளேயே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்ற அடிப்படை எண்ணம் மேயரிடமே இருந்தது. நகரத்தின் புகழ் முழுவதும் ஒரே பெயரில் வரவு வைக்கப்படும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். லெ கார்பூசியே ஆண்டுக்கு இருமுறை வந்து போனவர். ஊரிலேயே தங்கி, இந்தியக் கட்டடக்கலைஞர்களை உடன் வைத்துக்கொண்டு 1965 வரை வேலை பார்த்தவர் ஜன்னரே. அவர் இறந்த பிறகு, விருப்பப்படியே, அவருடைய அஸ்தி இந்நகரத்துச் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

கேபிடல் வளாகத்துக்குள் நாம் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. சுற்றுலா மையத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, குறித்த நேரத்தில் வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1995 ஆகஸ்ட் 31 அன்று பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டது இந்தச் செயலக வளாகத்தில்தான். மக்கள் கூடிக் கலைய வேண்டும் என்பதற்காக வரையப்பட்ட அகன்ற திடல், அதனால், கம்பி வேலிகளுக்கும் துப்பாக்கி ஏந்திய காவலர்களுக்கும் நடுவே வெறிச்சென்று கிடக்கிறது. சட்டமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இடையே நானூறு மீட்டருக்கும் மேற்பட்ட தூரம். அந்தத் தூரம் முழுவதிலும் ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. தரையில் பாவிய கான்கிரீட்டிலிருந்து எழுந்த சூடு செருப்பைத் தாண்டி உறைத்தது. குழுவில் வந்த குழந்தைகள் அம்மாக்களின் நிழலுக்குள் ஒண்டிக்கொண்டு நடந்தார்கள்.

கட்டடங்களின் பிரம்மாண்டத்தை நான் மறுக்கவில்லை. சட்டமன்றத்தின் கூரை மேல் எழும் கோபுரம் அனல் மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தின் வடிவத்தைக் கொண்டது. அதன் அடியில்தான் பஞ்சாப் சட்டமன்றம் கூடுகிறது. மேலவைக்கென்று கட்டிய சிறிய மன்றம், 1966 நவம்பர் 1 அன்று அரியானா தனி மாநிலமான பிறகு அரியானா சட்டமன்றமாயிற்று. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு மாநிலங்களின் சட்டமன்றங்கள், ஒரே செயலகத்தில் இரண்டு அரசுகள், நகரமோ இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒன்றியப் பகுதி. மன்றங்களைச் சுற்றியுள்ள நடுக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த கணத்திலேயே வெளியே இருந்த வெக்கை மறந்துபோகிறது. உயரமான வட்டத் தூண்கள் மேலே போகப் போக விரிந்து கூரையைத் தாங்குகின்றன. ஓரங்களில் கசியும் வெளிச்சம் தவிர மற்றெல்லாம் மங்கல். வளாகத்தில் நான் பார்த்த இடங்களில் வெயிலை முழுமையாக வென்றது இந்தக் கூடம் ஒன்றுதான். சுவரை அருகில் போய்ப் பார்த்தால் கான்கிரீட் வார்க்க அடித்த பலகைகளின் மரவரிகள் அப்படியே பதிந்திருப்பது தெரிகிறது. சில இடங்களில் மீன், பாம்பு, காளை போன்ற உருவங்களையும் ஈரமாக இருக்கும்போதே அச்சாகப் பதித்திருக்கிறார்கள். படங்களில் இயந்திரத்தனமாகத் தெரியும் இந்தக் கட்டடங்கள், சரிவுப் பாதைகளில் ஆண்களும் பெண்களும் தலைச்சுமையாகச் சுமந்து கொட்டிய கான்கிரீட்டால் எழுந்தவை. கிட்டத்தில் நின்றால் அந்தக் கைவேலை எல்லா இடத்திலும் தெரிகிறது.

உயர் நீதிமன்றத்தில் கதை வேறு. 1955-ல் முடிந்த இந்தக் கட்டடத்துக்கு இரட்டைக் கூரை. மேற்கூரை குடையாக விரிந்து கீழ்க்கூரையை வெயிலிலிருந்து காக்க, இரண்டுக்கும் நடுவே காற்று போய்வருகிறது. நுழைவாயிலில் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் மூன்று ராட்சதத் தூண்கள் நிற்கின்றன. முகப்பு முழுவதும் வெயில் தடுப்புச் சட்டங்கள். இவ்வளவு யோசித்தவர்கள், வழக்குக்காக வாசலில் காத்திருக்கும் மனிதர்கள் வெயிலிலும் மழையிலும் எங்கே நிற்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறை முன்பு ஒரு தாழ்வாரம் கட்டலாமா கூடாதா என்ற கேள்வி, பாரம்பரியச் சின்னம் என்ற காரணத்தால் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதத்தில்தான் கட்டலாம் என்று தீர்ந்தது. வரைபடத்தில் ஒரு கோடு கூடுதலாக இழுத்திருந்தால் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

இத்தனைக்கும் அதே வளாகத்தில் ‘நிழற்கோபுரம்’ என்றே ஒன்று இருக்கிறது. மற்றக் கட்டடங்கள் நகரத்தின் சாலைக் கட்டத்துக்கு இணையாக நிற்க, இது மட்டும் சரியாக வடக்கு தெற்காகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று பக்கம் வெயில் தடுப்புச் சட்டங்கள். சூரியன் எட்டிப் பார்க்காத வடக்குப் பக்கம் மட்டும் திறப்பு. சரியான கோணத்தில் சட்டங்களை அமைத்தால் ஆண்டு முழுவதும் சூரியனைக் கட்டுப்படுத்தலாம் என்று நிரூபித்துக் காட்டவே லெ கார்பூசியே இதை வரைந்தார். நான் போனபோது உள்ளே உண்மையிலேயே குளுகுளுவென்று இருந்தது. எங்கள் குழுவினர் எல்லாரும் வழிகாட்டியின் பேச்சைக் கேட்காமல் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அவரும் புரிந்துகொண்டு மிச்ச விளக்கத்தை அங்கிருந்தே சொல்லி முடித்தார். கொஞ்ச தூரத்தில் 26 மீட்டர் உயரத்தில் காற்றுக்குத் திரும்பும் ‘திறந்த கை’ சின்னம் தெரிந்தது. லெ கார்பூசியே இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1985-ல்தான் அதை நிறுவினார்கள்.

வளாகத்தை ஒட்டியே பாறைத் தோட்டம் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளையும் உடைந்த வளையல், பீங்கான், ஓடு, கழிவறைத் தொட்டிச் சில்லுகளையும் சேகரித்து, கட்டடமே கட்டக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட காட்டுப் பகுதிக்குள் 1950-களின் இறுதியிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு தனி உலகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1970-களின் நடுவில் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டும்; நல்ல வேளையாக 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். அங்கே பாதைகள் குறுகலானவை, வாசல்கள் தாழ்வானவை, இரு பக்கமும் சுவர்கள் ஓங்கியவை. உச்சி வெயிலிலும் அந்தப் பாதைகளில் நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது. கட்டடக்கலை படிக்காத ஒரு மனிதர் பக்கத்திலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார் என்பது கேபிடல் திடலைக் கடந்து வந்த யாருக்கும் உறைக்கும்.

மலையைப் பின்னால் விட்டுத் தெற்கே நடக்கத் தொடங்கினால் நகரத்தின் சட்டகம் புரிபடத் தொடங்கும். ஒரு செக்டர் என்பது 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் நீள அகலம் கொண்ட செவ்வகம். அதைச் சுற்றி வேகமாக வண்டிகள் போகும் வி3 சாலைகள். அவற்றை நோக்கி எந்த வீட்டு வாசலும் திறப்பதில்லை. குறுக்கே கடைத்தெருவாகிய வி4, உள்ளே வளைந்து போகும் வி5, வீட்டு வாசல் வரை வரும் வி6, பூங்காப் பட்டையின் ஊடே நடப்பவர்களுக்கு மட்டுமான வி7 என்று சாலைகளை வேகத்தின் அடிப்படையில் தரம் பிரித்திருக்கிறார்கள். மிதிவண்டிப் பாதையான வி8 பிறகு சேர்ந்தது. எண்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. தொடக்கத் திட்டத்தில் செக்டர் 13 என்று ஒன்று கிடையாது; ஆனால் சாலைக்கு இரு புறமும் எதிரெதிரே இருக்கும் செக்டர்களைக் கூட்டிப் பாருங்கள்: 4-ம் 9-ம் 13, 9-ம் 17-ம் 26, 17-ம் 22-ம் 39. 13-ஐ ஒதுக்கிவிட்டு அதன் மடங்குகளால் ஊரைக் கட்டியிருக்கிறார்கள்.

நடப்பவருக்கு இந்தச் சட்டகம் இரண்டு முகம் காட்டுகிறது. செக்டருக்கு வெளியே, வி2 என்ற பெருஞ்சாலைகளிலும் வி3 சாலைகளிலும் ஓரமாக நடப்பது அலுப்பு. ஒரு பக்கம் நீண்ட மதில், மறு பக்கம் சீறிப் போகும் கார்கள், அடுத்த சந்திப்பு எப்போது வரும் என்ற ஏக்கம். பார்த்த ஒரு சந்திப்பையே திரும்பத் திரும்பப் பார்ப்பதாகத் தோன்றும். உள்ளே திரும்பிவிட்டால் ஊரே மாறிவிடுகிறது. சத்தம் அடங்கி, புல்வெளிக்கு நடுவே பள்ளிக்கூடம், வீட்டு மதில்களின் மேல் காகிதப்பூக் கொடி, நடைபாதையில் தள்ளுவண்டிக் காய்கறி. முதன்முறை வருகிறவர்கள் முக்கியச் சாலைகளிலேயே நடந்துவிட்டு, இது காருக்காகக் கட்டிய ஊர் என்று திரும்பிவிடுவதில் வியப்பில்லை.

என் கணக்கில் சண்டிகரின் தலைசிறந்த இடம் செக்டர் 22. முதலில் எழுந்த குடியிருப்புகள் இங்கேதான். ஃபிரை, டிரூ, ஜன்னரே மூவரும் உழைத்த செக்டர். அரசு ஊழியர்களுக்கான வீடுகளை முதலமைச்சரிலிருந்து கடைநிலை ஊழியர் வரை பதவிக்கேற்ப 13 வகைகளாகப் பிரித்திருந்தார்கள். பதவி தாழத் தாழ வீடு சிறிதாகும், கேபிடலிலிருந்து தூரமும் கூடும் என்ற அந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் மிகச் சிறிய வகையிலும் இரண்டு அறை, சமையலறை, குளியலறை, கழிவறை, பின்புறம் ஒரு முற்றம் ஆகியவற்றைக் கொடுத்தாக வேண்டும் என்று நின்றிருக்கிறார்கள். 1950-களில், அகதிகளால் நிரம்பியிருந்த, கையில் காசில்லாத ஒரு மாநிலத்தில் இது சாதாரண முடிவு அன்று. சிமென்டும் இரும்பும் கிடைப்பதற்கு அரிய காலம் என்பதால் பெரும்பாலும் செங்கல்லையே நம்பினார்கள். சன்னலுக்கு மேலும் பக்கவாட்டிலும் சுவரை ஒரு முழம் வெளியே இழுத்து வெயிலை மறித்திருக்கிறார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஓட்டை ஓட்டையாக, ‘ஜாலி’ எனப்படும் துளைச்சுவராகக் கட்டியிருக்கிறார்கள். கோடையில் மாடியில் கட்டில் போட்டுப் படுப்பவருக்குக் காற்றும் வேண்டும், மறைவும் வேண்டும் என்பதைக் கட்டியவர் உணர்ந்திருந்தது அந்தச் சுவரில் தெரிகிறது. ஒரு வீட்டின் ஜாலியை எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றேன். செங்கல்லைக் குறுக்காகத் திருப்பி வைத்த ஒரே ஒரு மாற்றத்தால் வரிசைக்கு வரிசை நிழலின் வடிவம் மாறிக்கொண்டிருந்தது. கூடுதல் செலவு ஒரு பைசா கிடையாது.

கடைத்தெருவும் அப்படியே. தூண்களின் மேல் முன்னால் நீட்டிய மேல்தளத்தின் அடியில் நடைபாதை ஓடுகிறது. துணிக்கடை, செருப்புக் கடை, பாத்திரக் கடை என்று ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை வெயில் படாமல் நடக்கலாம். உயர் நீதிமன்றத்துக்குக் கிடைக்க எழுபது ஆண்டான தாழ்வாரம் இங்கே முதல் நாளிலிருந்தே இருக்கிறது. கடைக்காரர்கள் அதில் பாதியைச் சரக்கால் அடைத்திருப்பதும் உண்மைதான், ஆனால் கூட்டமும் பேரமுமாக இருக்கிற ஒரு கடைத்தெருவுக்கு அது அழகு என்றே எனக்குத் தோன்றியது. பக்கத்துச் செக்டர் 17-ல் நகர மையமாகத் திட்டமிட்ட பெரிய சதுக்கம் ஒழுங்காகவும் அகலமாகவும் இருக்கிறது. மாலையில் நீரூற்று ஓடும்போது கூட்டம் கூடுகிறது. பகலில் அங்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை.

மரங்களைச் சொல்லாமல் விட்டால் இந்நகரத்துக்குச் செய்யும் அநியாயம். எந்தச் சாலைக்கு எந்த மரம் என்று வகை பிரித்து நட்டிருக்கிறார்கள். அதில் பெரும் பங்கு, பின்னாளில் ஒன்றியப் பகுதியின் முதல் தலைமை ஆணையரான எம். எஸ். ரந்தாவாவுடையது. கொன்றை ஒரு சாலைக்கு, குல்மோகர் ஒரு சாலைக்கு. நான் போனபோது இலவ மரங்கள் இலையுதிர்த்துச் சிவப்புப் பூவோடு நின்றன. கட்டடக்கலைஞர்கள் போட்ட திட்டம் காகிதத்தில் சரியாக இருந்தாலும், அது குடியிருக்கத் தக்கதானது இந்த மரங்கள் தலையெடுத்து வளர்ந்த பிறகுதான் என்பது என் எண்ணம். திறந்த வெளிகளெல்லாம் தேவைக்கு மீறிப் பெரியவை. மரம் இல்லாத இடத்தில் அந்தப் பெருமை முழுவதும் வெயிலாகத்தான் வந்து இறங்குகிறது.

அருங்காட்சியகங்களில் நேரம் குறைவானவர்கள் செக்டர் 5-ல் உள்ள ஜன்னரே வாழ்ந்த வீட்டை மட்டும் பார்த்தாலே போதும். அரசு அலுவலகங்களுக்காக அவரும் உடனிருந்தவர்களும் வடிவமைத்த, தலைகீழ் ‘வி’ வடிவக் கால்களும் பிரம்பு இருக்கையும் கொண்ட தேக்கு நாற்காலிகளை அங்கே பார்க்கலாம். பழசாகிவிட்டன என்று பல அலுவலகங்கள் கழிவு விலைக்கு ஏலம் விட்ட அதே நாற்காலிகள் ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோனபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. 2011-ல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. நகரத்து வரைபடத்தையே வார்ப்பிரும்பில் வார்த்த பாதாளச் சாக்கடை மூடிகளும் இப்படி வெளிநாடு போயின. காலடியில் கிடப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தால் இன்னும் சில மூடிகளைக் காணலாம்.

இந்த நகரத்தின் ஒழுங்குக்கு ஒரு விலை இருக்கிறது, அதை இந்நகருக்குள் குடியிருக்கிறவர்கள் கொடுப்பதில்லை. ஒரு செக்டரின் மதிலோரம் வேப்ப மரத்தில் கண்ணாடியை மாட்டி, அடியில் நாற்காலி போட்டு முடிவெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கேபிடலுக்கு அருகே எல்லைக்கு அப்பாலுள்ள நயாகாவில் வீடு. தினமும் சைக்கிளில் வந்து போகிறார். “பாயீ சாஹப், நிழல் இங்கே இருக்கிறது, வாடகை அங்கே கட்டுப்படியாகிறது” என்றார் இந்தியில். ஊரைச் சுற்றிக் கட்டடம் முளைக்கக் கூடாது என்று 1952-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் முதலில் ஐந்து லட்சம் பேருக்கென்று திட்டமிட்ட ஊரில் 2011 கணக்கெடுப்பின்போதே பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். முதல் கட்டச் செக்டர்களில் வீடுகளைப் பிரித்து அடுக்ககங்களாக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செக்டர்களின் அமைதியை நடந்து அனுபவித்தவன் என்ற முறையில் எனக்குத் தீர்ப்பில் உடன்பாடுதான். ஆனால் வடக்குச் செக்டர்களில் ஏக்கர் கணக்கில் விரிந்த பங்களாக்கள் அப்படியே இருக்க, வேலைக்கு வருகிறவர்கள் பக்கத்து ஊர்களான மொகாலிக்கும் சிரக்பூருக்கும் தள்ளிப்போவது அந்தத் தீர்ப்பின் மறுபக்கம். செக்டர் 45-க்குள் அகப்பட்ட புரைல் கிராமத்தில் வீட்டோடு வீடு ஒட்டி நாலைந்து மாடி எழும்பி, தெருவில் வானமே ஒரு கீற்றாகத் தெரிகிறது. திட்டத்தின் விதிகள் எட்டாத அந்தச் சந்துகளில்தான் குறைந்த வாடகைக்கு அறை கிடைக்கிறது.

போக நினைப்பவர்கள் நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் போய்விடுங்கள். கேபிடல் வளாகத்தைக் காலையின் முதல் குழுவோடு முடித்துக்கொண்டு, வெயில் ஏறும் நேரத்துக்குப் பாறைத் தோட்டத்துக்குள் புகுந்துவிடலாம். செக்டர் 22-க்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ஏரிக்கரை நடை இனிமையானதுதான், நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். புரைலுக்குச் சுற்றுலாப் பேருந்து போகாது; ஆட்டோவில் செக்டர் 45 என்று சொல்லி இறங்கி, உள்ளே நடந்துதான் போக வேண்டும்.